மூணே நாளில் செத்துப்போகும் கலர் கோழிக்குஞ்சு... வீட்டுக் கொல்லையில் முதல் கோழியை வளர்ப்பது எப்படி?

கோயில் திருவிழா முடிந்து வீடு திரும்பும் நேரம். தெருமுனையில் ஒருவர் அட்டைப்பெட்டியோடு நிற்கிறார். பெட்டிக்குள் பச்சை, ரோஸ், ஊதா, ஆரஞ்சு என்று பஞ்சு உருண்டைகள் போலக் கோழிக்குஞ்சுகள். "அம்மா, ஒண்ணே ஒண்ணு வாங்கித் தாம்மா" என்று பையன் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறான். விலையும் அதிகமில்லை. "ஒண்ணு தனியா இருந்தா கத்தும்" என்று ரெண்டாக வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

முதல் நாள் வீடே அமர்க்களம். குஞ்சுகள் ஹாலில் ஓடுகின்றன. பையன் ரெண்டுக்கும் பெயர் வைத்து, தட்டில் சோறு போட்டு, ஷூ வாங்கிய டப்பாவில் படுக்கை போடுகிறான். ரெண்டாவது நாள் குஞ்சுகள் நின்றபடியே தூங்கி வழிகின்றன. மூணாவது நாள் காலையில் டப்பாவைத் திறந்தால் ரெண்டும் காலை நீட்டிக்கொண்டு கிடக்கின்றன.

"நான் சாப்பாடு வெச்சேனே பாட்டி... அப்புறம் ஏன் செத்துப்போச்சு?"

"அதுக்கு அம்மா இல்லையே கண்ணு. அதான்."

தமிழ்நாட்டில் இந்தக் காட்சி நடக்காத தெரு குறைவு. பிள்ளையைச் சமாதானப்படுத்தச் சொன்னதுபோல் இருந்தாலும் பாட்டியின் பதில் நூற்றுக்கு நூறு சரி. புதிதாகக் கோழி வளர்க்க நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமும் அதுதான். கூண்டு, தீவனம், ரகம் எல்லாம் அதற்குப் பிறகு.

அந்தக் குஞ்சு எங்கிருந்து வருகிறது?

நாமக்கல் பகுதி முட்டைப் பண்ணைகளுக்குத் தேவை பெட்டைக்கோழிகள் மட்டுமே. ஆனால், குஞ்சு பொரிப்பகத்தில் பொரியும் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சேவல். முட்டை ரகத்துச் சேவல் முட்டையும் போடாது, பிராய்லர்போலச் சீக்கிரம் எடையும் ஏறாது. அதனால் பொரித்த முதல் நாளே சேவல் குஞ்சுகளைப் பிரித்துக் கழித்துவிடுகிறார்கள். அப்படிக் கழிக்கப்படும் குஞ்சுகளில் ஒரு பகுதிதான் சாயம் பூசப்பட்டு தெருவுக்கு வருகிறது.

சரி, அது ஏன் சரியாக ரெண்டு மூணு நாளில் சாகிறது? முட்டையிலிருந்து வெளியே வரும் முன், மிச்சமிருக்கும் மஞ்சள் கருவைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அந்தக் கட்டுச்சோறு ரெண்டு, மூணு நாள் தாங்கும். அதனால்தான் எதுவும் சாப்பிடாவிட்டாலும் முதல் நாள் துறுதுறுவென ஓடுகிறது. அது தீர்வதற்குள் தீனியும் தண்ணீரும் எடுக்கப் பழகாத குஞ்சு பிழைக்காது.

இதைவிட முக்கியமான காரணம் சூடு. பிறந்த குஞ்சால் தன் உடல் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாது. உடம்பில் இறகு முளைக்கும்வரை, அதாவது ரெண்டு மூணு வாரமாவது, வெளியிலிருந்து சூடு கிடைக்க வேண்டும். தாய்க்கோழியின் உடல் சூடு 41 டிகிரி செல்சியஸ். குளிரும்போதெல்லாம் குஞ்சு ஓடிப்போய் இறக்கைக்குள் புகுந்துகொள்ளும். ஷூ டப்பாவில் அந்த இறக்கை கிடையாது. சாயத்தில் நனைந்து, வண்டியில் அலைந்து, பிள்ளைகள் கையில் நசுங்கி, இரவில் சில்லென்ற தரையில் படுத்தால் எத்தனை கிண்ணம் சோறு வைத்தும் பயனில்லை.

ஆக, பையன் மேல் தப்பில்லை. தாயில்லாத குஞ்சை வாங்கினால், தாய்க்கோழி செய்யும் வேலை முழுவதும் வாங்கியவர் தலையில் விழுகிறது. அந்த வேலையைச் செய்ய முடியாதென்றால், வேலை தெரிந்த ஒரு கோழியையே வாங்கிவிடுவது நல்லது!

எதை வாங்கித் தொடங்கலாம்?

முதல் முறை வளர்ப்பவர்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

1. தாயும் குஞ்சுகளும்: நாலைந்து குஞ்சுகளோடு திரியும் ஒரு நாட்டுக்கோழியை அப்படியே வாங்குவது. சூடு கொடுப்பது, இரை பொறுக்கக் கற்றுக்கொடுப்பது, பருந்து வந்தால் எச்சரிப்பது எல்லாம் அதன் பொறுப்பு. "கோழி மிதித்துக் குஞ்சு சாகாது" என்று சொல்லிவைத்தவர்கள் பார்த்துத்தான் சொன்னார்கள். புதியவர்களுக்கு இதைவிடச் சிறந்த வாத்தியார் கிடையாது.

2. ஒரு மாதக் குஞ்சுகள்: நான்கு முதல் ஆறு வாரம் ஆன, இறகு முளைத்த, தடுப்பு மருந்து கொடுத்த குஞ்சுகள். விலை கொஞ்சம் கூடும். ஆனால், ஆபத்தான காலத்தை வேறொருவர் தாண்டவைத்துக் கொடுத்துவிடுகிறார்.

3. ஒருநாள் குஞ்சுகள்: விலை குறைவு, கவனம் அதிகம். முதல் முறையே இதில் இறங்காமல் இருப்பது நல்லது.

மூன்றாவது வழிதான் வாய்த்தது என்றால், செயற்கைத் தாய் ஒன்றைத் தயார்செய்ய வேண்டும். அட்டையை வட்டமாக வளைத்து ஒரு தடுப்பு. மூலை இருந்தால் குஞ்சுகள் அங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கும். கீழே உமி, அதன் மேல் முதல் சில நாள்களுக்குச் செய்தித்தாள். நடுவில் ஒரு குண்டு பல்பு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இப்போது வீடுகளில் இருக்கும் எல்.இ.டி பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது. பழைய குண்டு பல்பையோ, குஞ்சுகளுக்கென்றே விற்கும் ஹீட்டர் பல்பையோதான் மாட்ட வேண்டும். முதல் வாரம் சுமார் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம்.

தெர்மாமீட்டர் இல்லையா? குஞ்சுகளைப் பாருங்கள். பல்புக்குக் கீழே ஒட்டிக்கொண்டு கத்தினால் குளிர்கிறது. விலகி ஓரத்தில் வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். வட்டம் முழுக்கப் பரவி மேய்ந்தால் சரியாக இருக்கிறது. தண்ணீரைத் தட்டையான தட்டில் வைத்து, அதில் கூழாங்கற்களைப் போட்டுவிடுங்கள். குஞ்சு தண்ணீரில் விழுந்து நனையாது.

எத்தனை கோழி... என்ன ரகம்?

ஐந்துக்கு மேல் வேண்டாம். முதல் வருடம் முடியும்வரை இதில் உறுதியாக இருங்கள். ஐந்து கோழிக்கு வரும் நோய்தான் ஐம்பது கோழிக்கும் வரும். கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்றுதான், நஷ்டம் மட்டும் பத்து மடங்கு.

நம் ஊர் நாட்டுக்கோழியைச் சிறுவிடை, பெருவிடை என்று பிரித்துச் சொல்வார்கள். பெருவிடை உயரமானது, எடை கூடியது, சண்டைக்கோழி வம்சம். வீட்டுக் கொல்லைக்கு ஏற்றது சிறுவிடை. இரை தேடுவதில் கெட்டி, அடைகாப்பதில் சமர்த்து, குஞ்சு காப்பதில் சிங்கம். முட்டை மட்டும் கொஞ்சம் குறைவு. 10, 15 முட்டை போட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். அப்படியே வருடத்துக்குச் சுமார் 60 முதல் 80 முட்டை.

ஐந்து கோழி என்றால் வருடத்துக்கு 300, 400 முட்டை. சராசரியாக வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு முட்டைதான். இந்தக் கணக்கு தெரியாமல் "தினமும் அஞ்சு முட்டை" என்று கனவு கண்டு இறங்குபவர்கள்தான் மூணாவது மாதமே சலித்துப்போகிறார்கள்.

முட்டை கூடுதலாக வேண்டுமென்றால், ஹைதராபாத்தில் இருக்கும் மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய கிராமப்பிரியா, வனராஜா போன்ற ரகங்களைப் பார்க்கலாம். புறக்கடையில் வனராஜா வருடத்துக்கு 100 முட்டைக்குக் குறையாமல் தரும். கிராமப்பிரியா 150-க்கும் மேல் தரும். ஆனால், இவை அடைக்கு உட்காருவது அபூர்வம். அதனால் மூன்று முட்டைக்கோழி, அடைகாக்க ரெண்டு சிறுவிடை என்று கலந்து வைத்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு. முட்டைக்கோழி போடும் முட்டையைச் சிறுவிடை தன் முட்டையாக நினைத்தே பொரித்துக் கொடுக்கும்.

கருங்கோழி எனப்படும் கடக்நாத் வேண்டுமா? மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக்குச் சொந்தமான ரகம் அது. 2018-ல் புவிசார் குறியீடும் பெற்றது. வளர்க்கலாம், தப்பில்லை. ஆனால், "நாங்களே திருப்பி வாங்கிக்கொள்கிறோம்" என்று யாராவது ஒப்பந்தப் பத்திரத்தோடு வந்தால் உஷார். 2012-ல் ஈமு கோழியில் பணம் போட்டுக் கலங்கி நின்ற குடும்பங்களைக் கொங்கு மண்டலம் இன்னும் மறக்கவில்லை.

சேவல் வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. முட்டை போடப் பெட்டைக்குச் சேவல் தேவையே இல்லை. குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேண்டும். நெருக்கமான தெருவில், விடிகாலை நாலு மணிக்கு அது கூவினால் பக்கத்து வீட்டார் என்ன சொல்வார்கள் என்பதையும் யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

கூண்டு: அழகைவிடப் பாதுகாப்பு முக்கியம்

பகலில் கோழி வெளியே மேயும். இரவுக்கு மட்டும்தான் கூண்டு. ஒரு கோழிக்கு ரெண்டு சதுர அடி போதும். ஐந்து கோழிக்கு நாலுக்கு மூணு அடியில் ஒரு கூண்டு என்றால் தாராளம். குஞ்சு வைத்திருக்கும் தாயைக் கவிழ்த்து மூட மூங்கில் பஞ்சாரம் ஒன்று இருந்தால் பகல் நேரத்துக்கு உதவும்.

கூண்டைத் தரையிலிருந்து ஒன்றரை, ரெண்டு அடி உயரத்தில் கால் கொடுத்து நிறுத்துங்கள். மழைத்தண்ணீர் ஏறாது, எச்சம் கீழே விழுந்துவிடும், பாம்பும் எலியும் நுழைவதும் குறையும். வலையின் கண் அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கீரி நுழைய ஒரு சிறு சந்து போதும். உள்ளே நுழைந்த கீரி ஒன்றோடு நிறுத்தாது. இருப்பதையெல்லாம் கடித்துப் போட்டுவிடும். காட்டுப்பூனையும் தெருநாயும் தாழ்ப்பாளையே அசைத்துப் பார்க்கும். அதனால் தாழ்ப்பாள் இறுக்கமானதாக இருக்கட்டும்.

கோழி தரையில் படுக்க விரும்பாது. உள்ளே குறுக்காக ஒரு கம்பு கட்டிவிடுங்கள். பொழுது சாயும்போது வரிசையாக ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஓர் ஓரத்தில், கொஞ்சம் இருட்டான இடத்தில், வைக்கோல் போட்ட பழைய கூடையோ வாயகன்ற மண்சட்டியோ இருந்தால் அதுவே முட்டையிடும் இடம். கூண்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் நேராக உள்ளே அடிக்காது.

கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு குழியில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து போட்டுவிடுங்கள். கோழி அதில் புரண்டு புழுதிக் குளியல் போடும். பேன், உண்ணி குறைய அது தானே செய்துகொள்ளும் வைத்தியம் அது.

தீனி: மிச்சச் சோறு மட்டும் போதாது

"நாட்டுக்கோழிக்கு என்ன செலவு? அதுவே மேஞ்சுக்கும்" என்பார்கள். தோட்டமும் குப்பைமேடும் தொழுவமும் இருந்த காலத்துக்கு அது பொருந்தும். சிமென்ட் போட்ட கொல்லையில் கோழி எதை மேயும்?

கம்பு, சோளம், கேழ்வரகு, நொய், தவிடு என்று தானியம் கொஞ்சம். முருங்கைக்கீரை, அகத்திக்கீரை என்று பச்சை கொஞ்சம். கூடவே புரதம். அதற்கு நம் ஊரில் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. பழைய மண்பானையில் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, காய்ந்த ஓலை போட்டு, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் இருக்கும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் காலை பானையைத் தூக்கினால் உள்ளே கரையான் நிறைந்திருக்கும். குஞ்சுகளுக்கு அதைவிடப் பெரிய விருந்து கிடையாது. வீட்டுச் சுவரையும் மர நிலையையும் விட்டுத் தள்ளியே வையுங்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை!

முட்டையிடும் கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். முட்டை ஓட்டைக் காயவைத்து, லேசாக வறுத்து, நன்றாகப் பொடித்துத் தீனியில் கலக்கலாம். முழு ஓடாகப் போடாதீர்கள். ருசி கண்ட கோழி, தான் போட்ட முட்டையையே கொத்தப் பழகிவிடும்.

பூஞ்சை பிடித்த தானியமும் பிண்ணாக்கும் கூடவே கூடாது. "மனுஷங்க திங்க முடியாது, கோழிக்குப் போட்ருவோம்" என்பது ஆபத்தான சிக்கனம். பூஞ்சையின் நச்சு கோழியின் ஈரலை அழித்துவிடும். உப்பு தூக்கலான மிச்சக் குழம்பு, ஊறுகாய் ஆகியவற்றுக்கும் தடா.

தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். தின்னும் தீனியைப்போல ரெண்டு மடங்கு தண்ணீரைக் கோழி குடிக்கும். சித்திரை வெயிலில் இன்னும் கூடும். நிழலில் மண்சட்டியில் வைத்து, தினமும் கழுவி மாற்றுங்கள்.

ஒரே வாரத்தில் கூண்டைக் காலி செய்யும் நோய்

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தவர்களையும் ஒரே வாரத்தில் உட்காரவைத்துவிடும் ஒன்று உண்டு. அது வெள்ளைக்கழிச்சல். கோழி முதலில் இறக்கையைத் தொங்கவிட்டு ஓரமாக நிற்கும். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். வாயைத் திறந்து மூச்சுவிடும். சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். அடுத்த சில நாள்களில் கூண்டே காலியாகிவிடும்.

இதை ராணிக்கெட் நோய் என்றும் சொல்வார்கள். இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தில் இருக்கும் ராணிக்கெட் என்ற மலை ஊரில் 1927-ல் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். அதற்கு முந்தைய ஆண்டு இங்கிலாந்தின் நியூகேசில் நகரில் பதிவானதால் உலகம் முழுக்க இதன் பெயர் நியூகேசில் நோய். கிட்டத்தட்ட நூறு வருடம் ஆகியும், வந்த பிறகு குணப்படுத்த இதற்கு மருந்து கிடையாது. வருமுன் காக்கத் தடுப்பு மருந்து மட்டும்தான்.

பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் அட்டவணை இது:

- முதல் வாரத்தில்: லசோட்டா அல்லது எஃப்1 சொட்டு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு.
- நான்காவது வாரம்: மீண்டும் லசோட்டா.
- எட்டாவது வாரம்: இறக்கைக்கு அடியில் தோலுக்குக் கீழே போடப்படும் ஊசி.

அம்மைத் தடுப்பூசி, குடற்புழு மருந்து ஆகியவற்றை எப்போது கொடுப்பது என்பதை உங்கள் பகுதி கால்நடை மருத்துவரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு எளிது என்றால் ஏன் எல்லோரும் போடுவதில்லை? காரணம் பாட்டிலின் அளவு. ஒரு குப்பியில் நூறு கோழிக்கான மருந்து இருக்கும். அதை ஐஸில் வைத்துத்தான் எடுத்துவர வேண்டும். கரைத்துவிட்டால் ரெண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். "அஞ்சு கோழிக்கு எதுக்கு இவ்ளோ?" என்று விட்டுவிடுகிறார்கள்.

இதற்குத் தீர்வு தெருவில் இருக்கிறது. உங்கள் ஐந்து, எதிர்வீட்டு அக்காவின் எட்டு, பின்தெரு அண்ணனின் இருபது என்று சேர்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஒரே குப்பியை எல்லோருக்கும் போட்டுவிடலாம். பக்கத்து வீட்டுக் கோழிக்குப் போடாமல் உங்கள் கோழிக்கு மட்டும் போட்டால் பாதி வேலைதான் முடிந்ததாக அர்த்தம். கோழிகள் வேலி பார்த்து மேய்வதில்லை.

அரசு கால்நடை மருந்தகங்களில் கோடைக்கு முன்பாக, பெரும்பாலும் பிப்ரவரி மாதத்தில், கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் இலவசமாக நடக்கும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், தீனிபோலத் தூவிக் கொடுக்கக்கூடிய குருணைத் தடுப்பு மருந்தையும் உருவாக்கியிருக்கிறது. இந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பல மாவட்டங்களில் பயிற்சி மையங்கள் உண்டு. நாட்டுக்கோழி வளர்ப்புக்கு அங்கே பயிற்சி தருகிறார்கள். கோழி வாங்கும் முன் ஒரு நாள் அங்கே போய் வருவது, பத்து வீடியோ பார்ப்பதைவிடப் பயன் தரும்.

சந்தைக் கோழியை நேராகக் கூண்டில் விடாதீர்கள்

நோய் பெரும்பாலும் வருவது புதுக்கோழியின் காலோடுதான். எங்கோ ஓர் ஊரில் கோழிகள் வாடத் தொடங்கியதும், "சாகுறதுக்குள்ள வித்துடுவோம்" என்று சந்தைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள் சிலர். பார்க்க நன்றாக இருக்கும் அந்தக் கோழி உங்கள் கூண்டில் நுழைந்த ஒரு வாரத்தில் வேலையைக் காட்டும். எங்கே வாங்கினாலும் புதுக்கோழியை ரெண்டு, மூணு வாரம் தனியாக, தனித் தண்ணீர்ச் சட்டியோடு வைத்துப் பாருங்கள். பிறகு சேருங்கள்.

அதே நியாயம் உங்களுக்கும் உண்டு. உங்கள் கோழிக்கு நோய் வந்தால் சந்தைக்குக் கொண்டுபோகாதீர்கள். செத்த கோழியை வாய்க்காலிலோ குப்பைத்தொட்டியிலோ வீசாமல், ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். ஒரே நேரத்தில் பல கோழிகள் செத்தால் கால்நடை மருந்தகத்துக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். பறவைக் காய்ச்சல் இல்லை என்பதை அவர்கள்தான் உறுதிசெய்ய முடியும். அவசரத்துக்கு 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணும் இருக்கிறது.

பிள்ளைகள் கோழியைத் தூக்கிக் கொஞ்சலாம். ஆனால், முத்தம் கொடுக்கக் கூடாது. கொஞ்சி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் கோழியின் எச்சத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று சின்னக் குழந்தைகளைத்தான் அது அதிகம் பாடுபடுத்தும்.

அடைக்கு வைப்போமா?

ஆறு, ஏழு மாதத்தில் விடைக்கோழி முட்டைக்கு வந்துவிடும். அதற்கு முன்னால் கேறிக்கொண்டே இடம் தேடும். நீங்கள் வைத்த கூடையை விட்டுவிட்டுத் துணி அலமாரியில் போய் உட்காரவும் செய்யும். விரட்டாமல் தூக்கிக் கூடையில் விடுங்கள், பழகிவிடும்.

முட்டை போட்டு முடித்த சிறுவிடை ஒருநாள் கூடையைவிட்டு எழாது. கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துக் கொத்த வரும். அடைக்குத் தயார் என்று அர்த்தம். ஒரு வாரத்துக்குள் போட்ட, விரிசல் இல்லாத முட்டைகளாகப் பார்த்து ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வைக்கலாம். அடைமுட்டைக் கூடையில் கரித்துண்டும் இரும்புத்துண்டும் போட்டு வைப்பது பாட்டிகளின் வழக்கம். "இடி இடிச்சா முட்டை கெட்டுடும், அதுக்குத்தான்" என்பார்கள். அது அவர்கள் நம்பிக்கை. போட்டால் கோழிக்குக் கெடுதல் எதுவுமில்லை.

ஏழாவது நாள் இரவு, செல்போன் டார்ச்சை எரியவிட்டு அதன்மேல் முட்டையைப் பிடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலைபோலச் சிவப்பு நரம்புகள் தெரிந்தால் கரு வளர்கிறது. ஒன்றுமே இல்லாமல் பளிச்சென்று இருந்தால் கூமுட்டை; எடுத்துவிடலாம்.

21-வது நாள் குஞ்சு வெளியே வரும். அதுவரை அந்தக் கோழி செய்யும் தவத்தைப் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரே ஒருமுறை, சில நிமிடங்கள் மட்டும் எழுந்து அவசரமாகத் தின்று, குடித்து, திரும்பிவிடும். அலகால் முட்டைகளைப் புரட்டிப் புரட்டி எல்லாவற்றுக்கும் ஒரே சூட்டைக் கொடுக்கும். பொரிவதற்கு முன்பே ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சு கீச்சிடும். தாய் அதற்குப் பதில் குரல் கொடுக்கும். ஓடு உடைய நேரமானால் அவசரப்பட்டு உரித்துவிடாதீர்கள். ரத்தம் கசிந்து குஞ்சு இறந்துவிடலாம். பெரும்பாலும் அது தானாகவே வந்துவிடும்.

வாங்கும் முன் ஐந்து கேள்விகள்

- மாலை ஆறரை மணிக்குக் கூண்டை மூட தினமும் வீட்டில் யார் இருப்பார்கள்?
- ஊருக்குப் போனால் தீனி போடுவது யார்?
- வாடகை வீடு என்றால் வீட்டுக்காரருக்கும், பக்கத்து வீட்டாருக்கும் சம்மதமா?
- அருகில் இருக்கும் கால்நடை மருந்தகம் எது, அதன் நேரம் என்ன?
- முட்டை நின்ற பிறகு அந்தக் கோழியை என்ன செய்வீர்கள்? பெயர் வைத்த பிள்ளையிடம் அதை யார் சொல்வார்கள்?

கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியலாம். ஆனால், பல வீடுகளில் கோழி வளர்ப்பு நிற்பது அங்கேதான். கறிக்கா, முட்டைக்கா, செல்லமாகவா என்பதைப் பிள்ளைகளுக்கும் தெரியும்படி முதலிலேயே பேசிவிடுங்கள். கோழி மேய்ப்பதைவிட, பிறகு பொய் சொல்லிச் சமாளிப்பது கஷ்டம்.

அந்தப் பையன் மறுபடி எப்போதாவது கேட்பான். "இனிமே கோழியே வேணாம்" என்று அழுதவன்தான், அடுத்த திருவிழாவில் மறுபடியும் அட்டைப்பெட்டி முன்னால் நிற்பான். அப்போது பாட்டி செய்ய வேண்டியது ஒன்றுதான். "அது வேணாம் கண்ணு. வா, நாம அம்மாவோட இருக்குற குஞ்சா வாங்கலாம்" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும்.

மூணாவது நாள் காலை அவன் பஞ்சாரத்தைத் தூக்கும்போது தாயின் இறக்கைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகத் தலை நீட்டும். எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.